கால் கொடுக்கும் குதிரை

எங்கள் சபை நடத்தும் சிறுவர் இல்லத்துக்கு ஒரு குதிரையைத் தர ஒருவர் முன்வந்தார். பந்தய வண்டியில் ஓடி ஓய்ந்த மட்டக்குதிரை. முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கும். இனி அதற்குத் தீனி போட அவருக்கு மனமில்லை.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கிம் மீடரும் அவர் கணவர் டிராயும் 1995-இல் கிரிஸ்டல் பீக்ஸ் என்ற கிறிஸ்தவப் பண்ணையைத் தொடங்கினார்கள். அடிபட்டும் பட்டினி கிடந்தும் நொந்த குதிரைகளை மீட்டு, மனம் நொந்த பிள்ளைகளிடம் சேர்க்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு குதிரை, துணைக்கு ஒரு பெரியவர். காசு வாங்குவதில்லை. இதைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து எங்கள் கமிட்டியில் எல்லாருக்கும் அதேபோல் செய்ய ஆசை. எனக்கும்தான். யாரிடமும் வாய் திறக்காத ஒரு பையன் எங்கள் இல்லத்தில் இருக்கிறான். அவன் நினைவாகவே இருந்தது. ஆனாலும் அந்த நொண்டிக் காலை யார் பார்ப்பது என்று கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை.

அதைத் தேடித்தான் காயல்பட்டினம் போனேன். ஆறுமுகநேரி போகும் சாலையோரம், வேப்பமரத்தடியில் லாடம் கட்டும் பெரியவர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். பந்தய மாடுகள்தான் அவருக்குப் பிழைப்பு. நான் போன அன்று ஒரு குதிரையும் நின்றது.

"மாட்டுக்கு எட்டு லாடம் தம்பி, குளம்பு பொளந்திருக்குல்லா. குதிரைக்கு நாலு. ஆனா மாட்டக் கயிறு போட்டுச் சாச்சிரலாம். குதிரை நின்னுக்கிட்டே, அதுவா கால் தரணும்."

"எப்படி அண்ணாச்சி தரும்?"

பதில் சொல்லாமல் எழுந்து போனார். குதிரையின் தோளில் கை வைத்தார். கையை எடுக்காமலே முழங்கால் வழியாகக் கணுக்கால்வரை தடவி இறக்கி, லேசாக அழுத்திவிட்டுக் காத்திருந்தார். அவசரமே இல்லை. குதிரை ஒரு பெருமூச்சு விட்டுக் காலைத் தூக்கியது. அதைத் தம் முழங்கால்களுக்கு நடுவில் வாங்கி இடுக்கிக்கொண்டார். வளைந்த கொக்கியால் மண்ணையும் சாணத்தையும் தோண்டி எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். அழுகல் இருந்தால் வாடையே சொல்லிவிடுமாம். பிறகு குறடால் ஓரத்தை வெட்டி, அரத்தால் ராவினார். ஆணி அடிக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டார். ஆணி வெளிச்சுவரோடு போக வேண்டும், உள்ளே உயிர்ச்சதையைத் தொட்டுவிடக் கூடாது. சுத்தியல் சத்தம் மாறுவதைக் கேட்டே அது எங்கே போகிறதென்று கண்டுபிடிக்கிறார்.

லாடம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் நாற்பது, ஐம்பது நாளுக்கு ஒருமுறை குளம்பைச் சீவியாக வேண்டும். எங்கள் கமிட்டியில் ஒருவருக்கும் இது தெரியாது.

எங்களுக்கு வரவிருந்த குதிரையின் படத்தைப் போனில் காட்டினேன். குளம்பைச் சுற்றி வரிவரியாக இருந்ததை விரலால் தொட்டுக் காண்பித்தார். "இது கால் நோவு இல்ல தம்பி, தீனி நோவு. சோறும் தவிடுமா அள்ளிப் போட்டிருக்காவ. பிரியத்துலதான் போட்டிருப்பாவ."

அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு மார்க்கோ போலோவின் குறிப்பு நினைவுக்கு வந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்தவர் அவர். அவர் சொன்ன காயல் துறைமுகம், காயல்பட்டினத்துக்கு வடக்கே தாமிரபரணி முகத்துவாரத்தை ஒட்டிய பழையகாயல்தான் என்று அடையாளம் கண்டவர் பிஷப் கால்டுவெல். ஓர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் அங்கே வந்து நின்றன. பாண்டிய அரச சகோதரர்கள் ஐவரும் ஆண்டுக்கு ஆளுக்கு 2,000-க்கு மேல் வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சவில்லை என்றும் போலோ எழுதுகிறார். சமைத்த சோற்றையும் இறைச்சியையும் தீனியாகக் கொடுத்தார்களாம். குதிரை வணிகர்கள் லாடம் கட்டுகிறவர்களை அழைத்து வரவில்லை, வருகிறவர்களையும் தடுத்தார்கள் என்கிறார். செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை கிடைக்கும்! பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் என்று கணக்குச் சொல்கிறார். வழியில் கடலில் செத்ததற்கும் பாண்டியன் கருவூலம் பணம் கொடுத்ததாம்.

அத்தனை பொன் கொடுத்தவர்கள் கொக்கியும் அரமும் பிடிக்கத் தெரிந்த நூறு பேரை இந்த மண்ணில் வளர்த்திருந்தால் போதும். அதைச் செய்யவில்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தவறான தீனி வயிற்றைக் கெடுக்கும், குளம்பின் உள்சதையை வீங்க வைக்கும். குதிரை வந்திருந்தால் எங்கள் பிள்ளைகளும் முதல் நாளே தங்கள் தட்டுச் சோற்றை அதற்கு ஊட்டியிருப்பார்கள்.

டோனாவூர் இல்லத்தை நிறுவிய மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901-இல் பெண்பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுக்கத் தொடங்கிய சீமை இது. பிள்ளைகளை மீட்கும் வேலை நமக்குக் கைவந்தது. குதிரையை மீட்பது இன்னும் கைவரவில்லை.

அன்று அண்ணாச்சி என் கையைப் பிடித்துக் குதிரையின் தோளில் வைத்து, "இறக்குங்க" என்றார். மூன்று முறை காலை உதறியது. நான்காவது முறை என் கையில் அதன் கால் இருந்தது. அத்தனை கனமான உயிர் தன் காலை நம்பி என்னிடம் விட்டது. அந்தப் பையனுக்கு நான் கொடுக்க விரும்புவது இதைத்தான். சவாரி பிறகு வரட்டும்.

குதிரையை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் தற்போதைய கொட்டிலுக்கே அண்ணாச்சியை அழைத்துப்போய்க் குளம்பு சீவ ஏற்பாடு செய்திருக்கிறோம். சோற்றை நிறுத்திப் புல்லுக்கு மாற்றியாயிற்று.

சிறுவர் இல்லம் நடத்தும் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். குதிரை இலவசமாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். முதலில் ஓர் இளைஞருக்குச் சம்பளம் கொடுத்துக் குளம்பு பார்க்கும் இந்த வேலையைக் கற்க அனுப்புங்கள். அண்ணாச்சிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவரிடம் இப்போது யாரும் கற்றுக்கொள்ளவில்லை.