மண்ணடுப்பு விருந்து

விருந்துக்கு அழைத்தால் மறுக்காமல் செல்வது நம் மார்க்கம் கற்றுத் தந்த பண்பு. ஹராமானதை விலக்கி நடப்பதும் அதே மார்க்கத்தின் கட்டளைதான். முஸ்லிம்கள் சிறு தொகையினராக வாழும் நாடுகளில் இவ்விரண்டு கடமைகளும் ஒருசேர நம் முன்னே வந்து நிற்கும் வேளைகள் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பகலில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவிலும் மாலையில் மதரஸாவிலும் பணியாற்றும் எனக்கு அத்தகைய வேளை ஒன்று வாய்த்தது.

அந்நாட்டின் பூர்வ குடிகள் மாவோரி மக்கள். குளிர்காலத்தின் நடுவே, ஜூன், ஜூலை மாதங்களில், விடியற்காலை வானில் ஒரு விண்மீன் கூட்டம் மீண்டும் தோன்றுவதை அவர்கள் புத்தாண்டாகக் கொள்கின்றனர். அக்கூட்டத்தை அவர்கள் 'மாதாரிக்கி' என்பர். தமிழில் அது கார்த்திகை, அரபியில் ஸுரையா. நம் பெண்மக்களுக்கு நாம் ஆசையுடன் சூட்டும் அதே பெயர்! மறைந்தோரை நினைவுகூர்வதும் விளைச்சலுக்கு நன்றி கூறுவதும் அந்நாளின் இயல்பு. 2022ஆம் ஆண்டு முதல் அது நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை. அதையொட்டி எங்கள் அலுவலகத்தின் மாவோரி ஊழியர்கள் மற்ற அனைவருக்கும் விருந்தளிக்க முன்வந்தனர்.

அவ்விருந்தின் சிறப்பு 'ஹாங்கி' எனும் மண்ணடுப்புச் சமையல். குழி தோண்டி, விறகுத் தீயில் கற்களைப் பழுக்கக் காய்ச்சுவர். இறைச்சியையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, உருளைக்கிழங்கு, பூசணி, முட்டைக்கோஸ் ஆகியவற்றையும் கம்பிக் கூடைகளில் அடுக்கிக் கற்களின்மேல் இறக்குவர். ஈரத்துணியும் சாக்கும் போர்த்தி, ஆவி வெளியேறாதபடி மண்ணால் மூடுவர். மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் திறந்தால் எல்லாம் ஆவியில் வெந்திருக்கும்.

இதில்தான் என் தயக்கம் இருந்தது. ஹாங்கியில் பன்றி இறைச்சியும் இடம்பெறுவது வழக்கம். ஒரே குழியில் ஒரே ஆவியில் வேகும் கிழங்கை மட்டும் பிரித்தெடுத்து உண்பது எங்ஙனம்? செல்லாதிருந்தால் அழைத்தவர் மனம் வருந்தும். சென்று உண்ணாதிருந்தால் அவமதிப்பாகத் தோன்றும். விருந்தோம்பலைத் தம் குலப் பெருமையாகப் போற்றும் மக்கள் அவர்கள். அதை 'மனாகிதங்கா' என்று தனிச் சொல்லாலேயே குறிப்பிடுவர்.

விருந்துக்கு ஒரு வாரம் முன்பே, சமையலுக்குப் பொறுப்பேற்ற மூத்த மாவோரி ஊழியரிடம் சென்று நிலைமையை விளக்கினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "உங்களுக்கு அது தபு, அவ்வளவுதானே?" என்றார்.

'தபு' என்பது அவர்கள் வாழ்வில் வேரோடிய சொல். புனிதம் கருதியோ தூய்மை கருதியோ விலக்கி வைக்கப்பட்டது என்பது அதன் பொருள். தலை அவர்களுக்குத் தபு. ஒருவர் தலைக்கு மேலாக உணவுத் தட்டை நீட்டமாட்டார்கள். உணவு வைக்கும் மேசைமீது அமரமாட்டார்கள். பாத்திரம் துடைக்கும் துணியை உடுத்தும் துணியோடு சேர்த்துத் துவைக்கமாட்டார்கள். விலக்குகளோடு வாழும் மக்களுக்குப் பிறருடைய விலக்கை விளங்கிக்கொள்வது கடினமாக இல்லை.

அவரே வழியும் கண்டார். சிறிய தனிக் குழி ஒன்று, அதற்குப் புதிதாகப் பொறுக்கிய கற்கள், புதிய கூடை. ஹலால் கடையிலிருந்து கோழியையும் ஆட்டிறைச்சியையும் நான் வாங்கிக் கொடுத்தேன். அலுவலகத்திலிருந்த பிற முஸ்லிம் நண்பர்களும் அக்குழியின் பங்காளிகள் ஆயினர்.

வைகறையில் விண்மீன்களை முன்னிட்டு நடந்த சடங்கிற்கு நான் செல்லவில்லை. நண்பகல் விருந்துக்கே சென்றேன். நெற்றியும் மூக்கும் தொட்டு, மூச்சைப் பகிரும் 'ஹோங்கி' முறையில் ஆண்கள் என்னை வரவேற்றனர். பெண்கள் முன் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தேன்; அவர்களும் புன்னகையுடன் அவ்வாறே செய்தனர். உண்பதற்கு முன் அவர்கள் தம் பிரார்த்தனையை ஓதினர். நான் அமைதியாக நின்று, பின்னர் பிஸ்மில்லாஹ் கூறி உண்டேன். மண்ணின் மணமும் புகையின் மணமும் ஏறிய அந்தக் கிழங்கின் சுவையைச் சொல்லில் வடிப்பது அரிது.

வரலாறு பயின்றவன் என்பதால், உண்ணும்போது அவரிடம் ஒரு செய்தியைச் சொன்னேன். 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் கொலென்ஸோ என்ற கிறித்தவப் போதகர், வாங்கரே பகுதியில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். அது உடைந்த கப்பல் மணி! அதன் விளிம்பில் இருந்ததோ தமிழ் எழுத்து. 'முகைதீன் பக்ஸ்' என்ற பெயருக்குரிய கப்பலின் மணி என்று அதைப் படித்துள்ளனர். அது அங்கு வந்து சேர்ந்த வழி இன்றுவரை உறுதிப்படவில்லை. இன்று வெல்லிங்டன் நகரின் தெ பாபா அருங்காட்சியகத்தில் அது பாதுகாக்கப்படுகிறது.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியானால் உங்கள் பாத்திரம் எங்கள் அடுப்பில் எப்போதோ ஏறிவிட்டதே!" என்றார்.

வெளிநாடுகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சிலர் கூச்சத்தால் தம் விலக்கை மறைத்துத் தட்டை ஏந்திவிடுகின்றனர். சிலர் அச்சத்தால் அழைப்பையே தவிர்த்து ஒதுங்கிவிடுகின்றனர். இரண்டும் தேவையில்லை. முன்கூட்டியே, பணிவுடன், தெளிவாகச் சொல்லிவிடுவதே நேரிய வழி. நாம் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே பல சமூகங்களாகப் படைக்கப்பட்டோம் என்பது திருமறை தரும் பாடம். நாம் யார் என்பதைச் சொல்லாமல் மறைத்துவிட்டால், பிறர் நம்மை அறிவது எங்ஙனம்?

நம் வீட்டுக்கு வரும் பிற சமயத்து அன்பரிடமும், "உங்களுக்கு எது ஆகாது?" என்று முதலில் கேட்போம். அம்மூத்தவர் செய்தது அதைத்தான். விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு இணைத்துச் சொன்ன அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உம்மத்தாகிய நாம், அதில் பின்தங்கலாகாது.