பாதாளத்தில் ஒரு ஸ்டேஷன்

தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்குப் பட்டணம் என்றால் முதலில் எழும்பூர்தான். ராத்திரி ரயிலேறி, கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம் என்று ஊர் ஊராகத் தூங்கி விழித்து, பொழுது விடிகிற சமயத்தில் அரிசி மூட்டையும் வெற்றிலைக் கட்டுமாக அங்கே வந்து இறங்குவது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருக்கும் என் அத்தையும் அப்படித்தான் வருவாள். அவள் பெண் இருப்பது அண்ணா நகரில். ஒரு தடவை அழைத்துப் போக ஆள் வராததால், விடியற்காலையில் தனியாக ஆட்டோ ஏறினாள். அந்த மனிதர் ஊரெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, சுற்றியதற்கெல்லாம் பணமும் வாங்கிக்கொண்டார். அதோடு அத்தையின் பிரயாணம் நின்றுவிட்டது. “என்னால் யாருக்கும் தூக்கம் கெட வேண்டாம்” என்பாள். பேத்தியைப் பார்த்து இரண்டு வருஷமாயிற்று.

சென்ற மாதம் நானே போய் அழைத்து வந்தேன். எழும்பூர் பெரிய ஸ்டேஷனின் வாசலுக்கு வந்ததும், “வா அத்தை, கீழே போகலாம்” என்றேன்.

“கீழேயா? நம்ம ஊரில் நாலு முழம் தோண்டினால் தண்ணீர் வரும். இங்கே பூமிக்குள்ளே ரயிலா?”

நியாயமான கேள்வி அல்லவா? உங்களுக்கும் தோன்றியிருக்கும். விஷயம் இதுதான். ராட்சச இயந்திரம் ஒன்று பூமிக்கடியில் எலி வளை தோண்டுவது போல் முன்னேறுகிறது. அது குடைந்த இடத்தில் உடனுக்குடன் கான்கிரீட் துண்டுகளை வட்டமாகப் பொருத்தி, வளையத்தோடு வளையம் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். மண்ணும் சரியாது, தண்ணீரும் உள்ளே வராது. போக ஒரு சுரங்கம், வர ஒரு சுரங்கம்.

“அட, உறை கிணற்றைப் படுக்கப் போட்ட மாதிரி!” என்றாள் அத்தை. எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

கிணறு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. எழும்பூரில், பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம், 1821-ல் திறக்கப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இருக்கிறது. அங்கே மண் இளக்கமாக இருந்ததால், கிணறு கிணறாக இறக்கித்தான் அஸ்திவாரம் போட்டார்கள். அந்த மண்ணில்தான் இன்று ரயில் ஓடுகிறது!

சென்னையில் பூமிக்கடியில் ரயில் ஓடத் தொடங்கியது 2017 மே மாதம், திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் இடையே. 2018 மே 25-ல் எழும்பூர் பாதாள ஸ்டேஷன் திறந்தது. கல்கத்தா 1984-லேயே இதைப் பார்த்துவிட்டது. லண்டனில் 1863-லேயே, அதுவும் புகை கக்கும் நீராவி எஞ்சினோடு, பூமிக்கடியில் ரயில் விட்டார்கள். ஆனால் தஞ்சாவூர்க்காரர்கள் குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது 1861-ல். லண்டன் பாதாள ரயிலுக்கும் முன்னால்! எழும்பூரில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற பெரிய ஸ்டேஷனே 1908-ல்தான் திறந்தது. அதற்கு உருவம் கொடுத்தவர் ஹென்றி இர்வின்.

படிகள் நகர்வதைக் கண்டு அத்தை பின்வாங்கினாள். பாதகமில்லை, லிப்ட் இருக்கிறது. கீழே பிளாட்பாரத்தில் கண்ணாடித் தடுப்பு. ரயில் வந்து நின்ற பிறகுதான் கதவு திறக்கும். குழந்தையைக் கையில் பிடித்து வருகிற தாய்மார்களுக்கு எவ்வளவு நிம்மதி, பாருங்கள்! பெண்களுக்கென்று ஒதுக்கிய இடமும் ரயிலில் உண்டு. எழும்பூரிலிருந்து ஐந்தாவது ஸ்டேஷன் அண்ணா நகர் கிழக்கு. அத்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பேத்தியோடு மறுபடி எழும்பூர் வந்து, பாந்தியன் சாலை மியூசியத்துக்குப் போனோம். நாகப்பட்டினத்து மண்ணைத் தோண்டியபோது கிடைத்த புத்தர் சிலைகள் அங்கே இருக்கின்றன. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். அத்தை கைகூப்பி நின்றாள். “பூமிக்குள்ளே போனால் வெளியே வர மாட்டோமா என்ன? இதோ வந்திருக்கிறார்களே!” என்றாள் பேத்தியிடம்.

நீங்கள் போவதாக இருந்தால் ஒரு வார்த்தை: பெரிய ஸ்டேஷனைப் புதுப்பிக்கும் வேலை நடப்பதால், சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடுவது உண்டு. டிக்கெட் வாங்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். பாதாள ரயில் காலை ஐந்து மணி சுமாருக்கே ஓடத் தொடங்கிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் டெலிபோன் மணி அடித்தது. அத்தைதான்.

“எப்போது வருகிறாய்? ஸ்டேஷனுக்கு வரட்டுமா?” என்றேன், தூக்கக் கலக்கத்தோடு.

“வந்தாகிவிட்டது. அண்ணா நகரில் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன். அஞ்சு ஸ்டேஷனையும் எண்ணிக்கொண்டே வந்தேன். நீ தூங்கு” என்றாள்.