பின்கதவின் ஆமைப்பூட்டு

பத்திரிகை அலுவலகமும் ஒரு தொழிற்சாலைதான் என்பதை நான் மிகவும் பிந்தியே உணர்ந்தேன். ஆசிரியபீடத்தில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணம் இலகுவில் வருவதில்லை. ஆனால் கீழ்த்தளத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். கடதாசி உருளைகள் கூரைவரை அடுக்கப்பட்டிருக்கும். மை துடைத்த மண்ணெண்ணெய்த் துணிகள் மூலையில் குவிந்து கிடக்கும். தீப் பிடிப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1980களின் நடுப்பகுதியில் கொழும்பில் நான் பணியாற்றிய அலுவலகமொன்றில் பின்பக்கக் கதவு ஒன்று இருந்தது. இரவானால் அதில் ஒரு பெரிய ஆமைப்பூட்டுத் தொங்கும். திறப்பு முன்வாசல் காவலாளியிடம் இருக்கும். அதற்குக் காரணமும் இருந்தது. 1981இல் யாழ்ப்பாணத்தில் ‘ஈழநாடு’ அலுவலகம் எரிக்கப்பட்டதை நாங்கள் மறக்கவில்லை. 1983 யூலையில் கொழும்பு எரிந்ததைக் கண்ணாலேயே கண்டிருந்தோம். எங்களைப் பொறுத்தவரை தீ என்பது வெளியிலிருந்து எவரோ கொண்டுவந்து வைப்பது. ஆகவே கதவைப் பூட்டுவதே பாதுகாப்பு என்று நம்பினோம். உள்ளிருந்தும் தீ எழலாம் என்று எவரும் எண்ணவில்லை.

ஒருநாள் நள்ளிரவு கடந்த வேளை. பழைய மின்வயரொன்றிலிருந்து தெறித்த பொறி, அச்சு இயந்திரத்தின் அருகில் கிடந்த துணிக் குவியலில் விழுந்தது. சில நிமிடங்களில் முன்வழி முழுவதும் புகை. மேல்மாடியில் இருந்த நாங்கள் படியிறங்கிப் பின்கதவுக்கு ஓடினோம். பூட்டு! தீயணைப்பான் ஒன்று சுவரில் தொங்கியது. அதைக் கையாள எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முதிய அச்சுக்கோப்பாளர் ஒருவர், பக்கங்களை இறுக்கும் இரும்புச் சட்டகத்தைத் தூக்கிவந்து அந்தப் பூட்டை அடித்து உடைத்தார்.

வெளியே வந்து மூச்சுவிட்ட பின்னர்தான், பயிலுனர் பையன் ஒருவனைக் காணவில்லை என்பது தெரிந்தது. ஆட்களை எண்ணிப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. அதே முதியவர் நனைத்த சாக்கொன்றைப் போர்த்திக்கொண்டு திரும்பவும் உள்ளே போனார். பையனை இழுத்து வந்தார். பையன் பிழைத்துக்கொண்டான். முதியவரின் இரு கைகளும் வெந்துபோயின. அதன் பின்னர் அவரால் எழுத்துக் கோக்க முடியவில்லை.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் தொழிலாளர் பாதுகாப்புப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதை அச்சுக் கோத்தவரும் அவரே. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவர் மெல்லச் சொன்னார்: “தம்பி, மற்றவனுடைய கதவைப் பற்றியெல்லாம் நல்லாய் எழுதினீர்கள். எங்கட கதவை ஒருக்கால் பார்த்திருக்கலாம்.” என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தத் தீயைப் பற்றி எங்கள் பத்திரிகையில் ஒரு வரியும் வரவில்லை. நானும் எழுதவில்லை.

பின்னர்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். இலங்கையின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமாகும். வேலைக்காக ஆட்கள் உள்ளே இருக்கும் நேரத்தில், உள்ளிருந்து உடனேயும் இலகுவாகவும் திறக்க முடியாதபடி கதவுகளைப் பூட்டக்கூடாது என்பது அதன் ஏற்பாடு. நாங்கள் அந்தப் பூட்டைப் பார்த்துப் பழகிய காலத்தில் அச்சட்டத்திற்கு நாற்பது வயது கடந்திருந்தது.

பூட்டிய கதவின் கதை எங்களோடு தொடங்கியதுமல்ல, முடிந்ததுமல்ல. 1911 மார்ச் 25இல் நியூயோர்க்கின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் மாண்டார்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. உரிமையாளர்கள் வழக்கில் விடுதலையானார்கள். நூறாண்டுகள் கழிந்தன. 2012 நவம்பர் 24இல் டாக்கா நகருக்கு வெளியே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் குறைந்தது 112 பேர் இறந்தார்கள். அங்கே அபாய மணி ஒலிக்கத்தான் செய்தது. எழுந்தவர்களை மேற்பார்வையாளர்கள் திரும்பவும் வேலைக்கு இருத்தினார்கள். படிக்கட்டுகளோ தீப்பற்றிய கீழ்த்தளத்துக்கே இறங்கின. வாசல்களைப் பூட்டக்கூடாது என்ற சட்டம் அந்த நாட்டிலும் அப்போது இருந்தது.

மணி இருந்தால் மட்டும் போதாது. அது ஒலித்ததும் “எழுந்து போங்கள்” என்று சொல்லும் அதிகாரம் பெற்ற ஒருவர் அங்கே இருக்கவேண்டும். இதனாற்போலும், பங்களாதேசத்தின் 2015ஆம் ஆண்டுத் தொழில் விதிகள் ஆட்களைப் பற்றிப் பேசின. ஒவ்வொரு பிரிவிலும் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் தீயணைத்தல், மீட்பு, முதலுதவி ஆகியவற்றில் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு ஆணை, தீ அபாயத்தை மதிப்பிடும் கடமையையும், வெளியேற்றத்தை நடத்தத் தகுதியானவர்களை நியமிக்கும் கடமையையும் வேலைத்தளத்திற்குப் பொறுப்பானவர்மீது சுமத்தியது.

எங்கள் இருபது பேர் கொண்ட இரவுப் பணிக்கு இந்தப் பதினெட்டு வீதக் கணக்கைப் போட்டால் நான்கு பேர் வருவார்கள். அணைப்பானைக் கையாள ஒருவர், கதவுக்கு ஒருவர், ஆட்களை எண்ணிப் பார்க்க ஒருவர், காயத்துக்குக் கட்டுப்போட ஒருவர். அந்த நால்வர் இருந்திருந்தால் ஒரு முதியவர் தனியாளாக உள்ளே போயிருக்கமாட்டார். அவருடைய துணிச்சலைப் பல வருடங்களாக நான் பலரிடம் வியந்து சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் கூசுகிறது. ஒருவருடைய துணிச்சல் தேவைப்பட்டது என்பதே மற்ற அனைவரும் கடமை தவறியதற்குச் சாட்சி.

இதை வாசிப்பவர்களில் பலர் இரவு வேலைக்குப் போகிறவர்கள். உணவகச் சமையலறையில், எரிபொருள் நிலையத்தில், களஞ்சியத்தில் நிற்கிறவர்கள். இன்றிரவு வேலைக்குப் போனதும் பின்கதவை ஒருமுறை உள்ளிருந்து தள்ளிப் பாருங்கள். திறக்காவிட்டால் முதலாளியிடம் கேளுங்கள். அவர் கள்வர் பயம் என்பார். எங்களிடமும் அதைவிடப் பெரிய பயமொன்று இருந்தது. அந்தப் பயம் பொய்யுமல்ல. ஆனாலும் அன்றிரவு எங்களை உள்ளே அடைத்து வைத்தது நாங்களே போட்ட பூட்டுத்தான்.

அந்த முதியவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அன்று பத்திரிகையில் வராத செய்தியை இன்று இங்கே எழுதிவிட்டேன்.