நுளம்பு வலைக்குள் ஒரு வீதி

2016இல் யாழ்ப்பாணம் போய்வந்த நானா, வாப்பும்மாவுக்கென்று ஒரு வீதியையே போனில் கொண்டுவந்தார். சோனகத் தெருவில் எங்கள் பழைய வீட்டுக்கு எதிரே நின்று, மெதுவாக ஒரு வட்டம் சுற்றி எடுத்த படம். அதைப் பார்ப்பதற்கு யூனிட்டி பிளாசாவில் ஒரு காட்போர்ட் பெட்டியும் வாங்கினார். கூகுள் 2014இல் அறிமுகப்படுத்திய அந்த மட்டைப் பெட்டியில் முக்கியமானவை இரண்டு வில்லைகள்தான். திரை நமது போன்.

வெள்ளவத்தையில் பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில் சாச்சா வீட்டுக்குப் போனோம். வாப்பும்மா அங்கேதான் இருக்கிறார். 1990 ஒக்டோபர் 30க்குப் பிறகு அவர் அந்த வீட்டைக் கண்டதில்லை. யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து விடுதலைப் புலிகள் வெளியேற்றிய நாள் அது. அன்று கையில் எடுத்த பையைப் பற்றி அடிக்கடி சொல்வார்; வீட்டைப் பற்றிச் சொல்வது குறைவு.

பெட்டியைக் கண்ணில் வைத்ததும் கேட்டார்:

"என்ன புள்ள, நுளம்பு வலைக்குள்ளால பாக்கிற மாதிரிக் கிடக்கு?"

நானாவின் முகம் வாடிவிட்டது. ஆனால் வாப்பும்மா சொன்னது மிகச் சரி. ஆங்கிலத்தில் இந்தக் குறைக்கு 'வலைக்கதவு' என்ற பெயரே இருப்பதைப் பின்னர்தான் படித்தேன். பிக்சல்களுக்கு இடையே மெல்லிய இருட்டுக் கோடுகள் உண்டு. கையில் பிடித்துப் பார்த்தால் தெரியாது. வில்லை அவற்றையும் சேர்த்துப் பெருப்பித்துவிடும். நானாவின் போன் திரையின் அகலம் 1280 பிக்சல். பாதியாகப் பிரித்தால் ஒரு கண்ணுக்கு 640. 2013இல் வந்த ஒக்குலஸ் ரிஃப்டின் முதல் மாதிரியிலும், ஏழு அங்குல எல்சிடி திரையில் ஒரு கண்ணுக்கு அதே 640தான். அது ஏறத்தாழ 90 பாகைக்குப் பரவும்போது ஒரு பாகைக்கு ஏழு பிக்சல்தான் கிடைக்கும். நல்ல கண்ணுக்கு அறுபதளவு வேண்டும்!

வாப்பும்மா தலையைத் திருப்பினார். வீதி இழுபட்டுக் கலங்கியது. எல்சிடி பிக்சல் நிறம் மாறச் சற்றுத் தாமதிக்கும். அடுத்த படம் வரும்வரை பழைய படமும் அணையாமல் எரியும். ஒக்குலஸ்காரர் 2014இன் இரண்டாம் மாதிரியில் ஓஎல்இடிக்கு மாறி, ஒவ்வொரு படத்தையும் கணநேரம் மட்டும் ஒளிரவிட்டு அணைத்தார்கள். அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது சாம்சங் நோட் 3 போனின் திரையை! கண்ணாடிக்கென்றே திரை செய்ய அப்போது யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. போனுக்குச் செய்ததைத்தான் கண்ணுக்கு மாட்டினார்கள்.

"தலை சுத்துது" என்று வாப்பும்மா பெட்டியைத் தந்தார். நானா போனை வெளியே எடுத்து, சாதாரணப் படமாகக் காட்டினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எல்லாம் தெளிவு. கதவுக்குப் பச்சை அடித்திருந்தார்கள். மதிலோரம் இருந்த மாதுளை இல்லை. இரண்டையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பெட்டியைத் தாங்க மகன்" என்றார்.

"அதில தெளிவில்லையே, வாப்பும்மா?"

"தெளிவில்லைதான். ஆனா அதுக்குள்ள நிண்டா எனக்குப் பின்னாலயும் வீதி இருக்குது."

கதிரையை விட்டு எழுந்து, பெட்டியைக் கண்ணோடு அழுத்திப் பிடித்தபடி மெதுவாகச் சுற்றத் தொடங்கினார். விழுந்துவிடாதபடி நான் அவரது முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.