அம்பாசிடருக்குத் தண்ணீர்

இந்த விஜயதசமிக்கு நாக்பூர் தீட்சாபூமிக்குப் போவது என்று முடிவெடுத்தபோது ரயிலில் போவதாகத்தான் பேச்சு. சென்னையிலிருந்து டெல்லி போகும் வண்டிகளில் ஏறினால் நாக்பூரில் இறங்கிக்கொள்ளலாம். காரில் போகலாம் என்று சொன்னது எங்களில் இளையவள். எந்தக் கார் என்று கேட்டதற்கு, அலுவலக வாசலில் இரண்டு வருடமாகத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும் அம்பாசிடரைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தோம். மறுநாள் காலையில் தார்ப்பாயை எடுத்துவிட்டோம்.

அது அரசு அலுவலகம் ஒன்றின் கழித்துக்கட்டிய வண்டி. ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து இரண்டாம் கையாக எங்களுக்கு வந்தது. வெள்ளை நிறம், டீசல் எஞ்சின், தொண்ணூறுகளில் செய்தது. கூரையின் நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது. சிவப்புச் சுழல் விளக்குக்கு வயர் போன ஓட்டை. 2017 மே மாதம் நாடு முழுக்க அந்த விளக்குகளைக் கழற்றச் சொன்னார்கள். எங்கள் வண்டியில் அதற்கு முன்பே கழற்றியிருந்தார்கள். எம்-சீல் வைத்து அடைத்தும் மழை பெய்தால் பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்திருப்பவர் தலையில் சொட்டும்.

வெள்ளை அம்பாசிடரைப் பற்றி எழுதுகிறவர்கள் அப்பா தோளில் கை போட்டு ஊட்டி போன ஞாபகத்தை எழுதுவார்கள். எங்களுக்கு அப்படி ஒரு ஞாபகமும் இல்லை. நாங்கள் வளர்ந்த சேரிகளுக்குள் வெள்ளை அம்பாசிடர் வந்தால் ஒன்று ஓட்டு, இல்லையென்றால் எரிப்பு. எரிந்து முடிந்த பிறகு, அமைதிப் பேச்சுவார்த்தைக்கு. வண்டி தெருமுனையில் நிற்கும், கதவைத் திறந்துவிட ஒருவர் ஓடுவார், உள்ளேயிருந்து இறங்குகிறவர் மூக்கில் கைக்குட்டை வைத்திருப்பார். அந்த மாதிரி ஒரு வண்டியின் பின்சீட்டில் இப்போது எங்கள் அக்கா காலை மடக்கி உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற இங்கிலாந்துக் காரின் அச்சில், 1950களின் இறுதியிலிருந்து மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் செய்து வந்தார்கள். 2014 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில்தான் நம் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவும் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த நம் பெண்கள் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

மெக்கானிக் அண்ணன் ஷெட் செவிலிமேடு பக்கம். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து, டயரை உதைத்துப் பார்த்து, "எங்க போறீங்க?" என்றார். நாக்பூர் என்றோம். ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பாபாசாகேப் மாறின இடமா?" ஆமாம், 1956 அக்டோபர் 14. "அப்ப ஒழுங்கா பண்ணணும்" என்றார். அதற்கப்புறம் மூன்று வாரம் எங்கள் சம்பளத்தையெல்லாம் அவர்தான் வாங்கிக்கொண்டார்.

முதலில் பிரேக். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பின்பக்கம் இரண்டு வீல் சிலிண்டரிலும் ஆயில் கசிந்து ஷூ ஊறிப் போயிருந்தது. சிலிண்டர், ஷூ, மாஸ்டர் சிலிண்டர் கிட் எல்லாம் மாற்றி, ஏர் எடுத்தோம்: ஒருத்தி பெடலை மிதித்துப் பிடிக்க, அண்ணன் கீழே படுத்து நிப்பிளைத் திறக்க, "மிதி, பிடி, விடு" என்று ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. ஹீட்டர் பிளக் நாலில் இரண்டு செத்திருந்தன. காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்ததற்கு அதுதான் காரணம். பின்பக்க லீஃப் பட்டையில் ஒன்று உடைந்திருந்தது. தட்டுப்படாத சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டைக்கு இரண்டு தடவை போய் வந்தோம். வண்டியை நிறுத்திவிட்டாலும் அம்பாசிடரின் உறுப்புகள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆர்.சி. புதுப்பித்தல், பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று என்று காகித வேலை தனி. அதைச் சொன்னால் தூங்கிவிடுவீர்கள்.

வயரிங் முழுவதையும் எங்களில் ஒருத்தி பார்த்துக்கொண்டாள். டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, எலி கடித்த வயர்களை ஒவ்வொன்றாக உரித்து முறுக்கி இணைத்த வேகத்தைப் பார்த்து அண்ணன் அசந்துபோனார். அவள் பத்து வயதில் தறியில் அறுந்த இழை முடிந்தவள். அப்பா வாங்கிய முன்பணத்துக்காக மூன்று வருடம். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. எம்.ஏ. சமூகவியல் படித்தபோது அந்த அறிக்கை எங்களுக்கு ஒரு மேற்கோள். அவளுக்கு அது வீட்டுக் கதை.

அண்ணனும் தறி கற்றுக்கொள்ள ஆசைப்பட்டவர்தான். "குழித்தறி வூட்டுக்குள்ள இருக்கும். வூட்டுக்குள்ள நம்மள யாரு வுடுவா? பாய் ஷெட்டு ரோட்டுல புளியமரத்தடியில இருந்துச்சு. மரத்தடிக்கு என்ன வாசப்படி?" பாய் குடித்த டம்ளரிலேயே அவருக்கும் டீ கொடுத்தாராம். இன்று சுற்று ஊர்ச் சேரிகளில் கூலிக்குப் பட்டு நெய்கிறவர்கள் உண்டு. ஆனால் எண்பதுகளில் நகரத்துக்குள் ஒரு சேரிப் பையன் தொழில் கற்றுக்கொள்ளத் திறந்திருந்தது மெக்கானிக் ஷெட்தான் என்கிறார் அவர். முதுகலை வகுப்பில் சமூக நகர்வு என்று ஒரு முழுத் தாள் படித்தோம். அதில் புளியமரம் வரவில்லை.

கடைசியாக ரேடியேட்டர். இந்தப் பயணத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம் அதுதான் என்று அண்ணன் சொல்லிவிட்டார். ராணிப்பேட்டை, சித்தூர், கடப்பா, கர்நூல், ஐதராபாத், நிர்மல், அடிலாபாத் வழியாக 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். பழைய டீசல் எஞ்சின் சூடாகும். டேங்கைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டபோது செம்மண் குழம்பு மாதிரி வந்தது. தெர்மோஸ்டாட் இல்லவே இல்லை; எந்த டிரைவர் எப்போது கழற்றி எறிந்தாரோ. வாட்டர் பாடி, ஹோஸ் பைப், ஃபேன் பெல்ட் எல்லாம் புதிது.

அந்தச் சமயத்தில்தான் தெரிந்த பெரியவர் ஒருவர் ஷெட்டுக்கு வந்தார். எழுபதுகளில் குடும்பத்தோடு அம்பாசிடரில் காசிக்குப் போய் வந்தவர், நல்ல மனிதர், எங்கள் வேலைகளுக்கு நன்கொடை தருகிறவர். நாங்கள் தண்ணீர் கேன்களை அடுக்குவதைப் பார்த்துச் சிரித்தார். "இதெல்லாம் எதுக்கும்மா? வண்டி சூடானா எந்த ஊர்லயும் நிறுத்தி ஒரு குடம் தண்ணி கேளுங்க. நாங்க காசி வரைக்கும் அப்படித்தான் போனோம். ஒருத்தரும் இல்லைன்னு சொல்லல."

அவர் சொன்னது பொய்யில்லை. அவருக்கு ஒருவரும் இல்லையென்று சொல்லியிருக்கமாட்டார்கள். நாங்கள் பதில் சொல்லவில்லை. அவர் போன பிறகு அண்ணன் உள்ளேயிருந்து இன்னும் இரண்டு கேன் எடுத்து வந்து வைத்தார்.

1901இல் அம்பேத்கர் பத்து வயதுகூட நிரம்பாத பையன். அண்ணனோடும் அக்காள் மகனோடும் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போகிறார். மசூர் நிலையத்தில் இறங்குகிறார். மகர் என்று தெரிந்ததும் வண்டிக்காரர் ஒருவரும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவர் சம்மதித்தார்: பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார். கையில் சாப்பாடு இருந்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. சாப்பிடாமலே இரவு கழிந்தது. 1929இல் அவர் பாரிஸ்டர், அரசு நியமித்த குழுவின் உறுப்பினர். சாலிஸ்காவில் குதிரை வண்டிக்காரர் ஓட்ட மறுத்தார். வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, பழக்கமில்லாத ஒருவர் ஓட்ட, பாலத்தில் சக்கரம் மாட்டித் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அவருடைய சிறு நூலை நாங்கள் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் வாசித்திருக்கிறோம். அது வண்டிகளைப் பற்றிய புத்தகமும்தான் என்பது ஷெட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

சாலை எல்லோருக்கும் பொது என்று 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் பிறந்த கோழியாளமும் காஞ்சிபுரமும் அன்று ஒரே மாவட்டம். சாலை வந்துவிட்டது. சாலையோர வீட்டுத் தண்ணீருக்குத் தீர்மானம் போட முடியாது. ஆகவே இருபது லிட்டர் கேன்கள் ஐந்து: மூன்று வண்டிக்கு, இரண்டு எங்களுக்கு.

சண்டை வந்தது ஸ்டிக்கரில். பின்கண்ணாடியில் நீல கோட்டுப் போட்ட அம்பேத்கர் படம் ஒட்ட வேண்டும் என்று இளையவள் வாங்கி வந்துவிட்டாள். எங்களில் இரண்டு பேர் வேண்டாம் என்றோம். பயம்தான். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம் காலனியில் வீடுகளோடு வண்டிகளும் எரிந்ததை மறக்க முடியவில்லை. தவணை கட்டி வாங்கிய வண்டி எரிப்பவன் கண்ணில் முதலில் படுகிறது. மொழி தெரியாத ஊர், ராத்திரி, வண்டியில் மூன்று பெண்கள்; எதற்கு வம்பு?

அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஆபீசரு இதுல போனப்ப மேல லைட்டு வெச்சிக்கினு போனான். நான் யாருன்னு எல்லாம் தெரிஞ்சிக்கோன்னு போனான். நாம மட்டும் யாருக்கும் தெரியாம போவணுமா?"

ஒட்டிவிட்டோம். அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: உள்கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வரும் லாரி தெரிய வேண்டும். அதனால் படம் இடது ஓரமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டைவரை ஓட்டிப் பார்த்தோம். மணிக்கு அறுபதில் நன்றாகப் போனது. திரும்பி வரும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. டீக்கடை ஒன்றின் எதிரில் ஓரங்கட்டிப் பானெட்டைத் திறந்தோம். சூட்டில் மூடியைத் திறக்கக் கூடாது என்று இருபது நிமிடம் காத்திருந்தோம். கீழ் ஹோஸில் கிளாம்ப் தளர்ந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் டிக்கியைத் திறப்பதற்குள் கடைக்காரர் தாமாகவே ஒரு வாளி தண்ணீரோடு வந்தார். பழைய வண்டிகள் பற்றிப் பேசினார், அவர் சித்தப்பா ஒன்று வைத்திருந்தாராம். எந்த ஊர் என்று கேட்டார். காஞ்சிபுரம். "காஞ்சிபுரத்துல எங்க?"

சொன்னோம். அவர் பின்கண்ணாடியை ஒரு முறை பார்த்தார். வாளியை எங்கள் காலடியில் வைத்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கிளம்பினோம். கடையில் ஆள் வந்ததால் போனார் என்கிறாள் வயரிங் பார்த்தவள். ஆள் ஒருவரும் வரவில்லை என்கிறாள் இளையவள். வாளியைத் திரும்பக் கொடுத்தபோது கையில் வாங்கினாரா, கீழே வைக்கச் சொன்னாரா என்று வீடு வரும்வரை தகராறு. அக்கா மட்டும் தூங்கிவிட்டார். கிளாம்ப் நாளைக்கு மாற்ற வேண்டும், கூடவே இரண்டு ஸ்பேர் வாங்க வேண்டும். கூரை ஓட்டையை அண்ணன் இன்னொரு தடவை அடைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்; விஜயதசமி சமயத்தில் இங்கே மழை தொடங்கிவிடும்.