ஒளியினூடே ஒரு மலைப்பாதை

மலையகத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் பகற்பொழுதின் அழகையே கண்டு மீள்வர். தேயிலைத் தளிரின் பசுமையும், அருவிகளின் வெண்மையும், நுவரெலியாவின் குளிரும் அவர்தம் நினைவில் நிற்கும். ஆயின் இம்மலைநாட்டின் தனிச்சிறப்பான காட்சி ஒன்று இருளில் மாத்திரமே காணத்தக்கது. டிசம்பர் மாதப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலையின் அடியிலிருந்து முடிவரை மின்விளக்குகள் எரிகின்றன. பெயரிலேயே ஒளியைத் தாங்கிய மலை அது.

ஹற்றனிற் புகையிரதத்தை விட்டிறங்கி, நோர்வூட், மஸ்கெலியா வழியாக 30 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம் சென்றால் நல்லதண்ணி என்னும் அடிவாரத்தை அடையலாம். வழியெங்கும் தேயிலைச் சரிவுகள்; அவற்றிடையே காசல்றீ, மவுசாகலை என்னும் பெரு நீர்த்தேக்கங்கள். மவுசாகலையின் நீருக்கடியிலே பழைய மஸ்கெலியா நகரம் உறங்குகிறது. கோடையில் நீர் வற்றுங்கால் பழைய கோயிலின் எச்சங்கள் வெளிப்படுவதுண்டு. நாம் சென்றபோது பொழுது சாய்ந்துவிட்டது. பஸ்வண்டி ஒரு வளைவைத் திரும்பியதும் உடன்வந்தோர் யாவரும் வாய்மூடினர். மலை கண்ணுக்குப் புலப்படவில்லை. வானத்திலிருந்து யாரோ தொங்கவிட்ட பொன்னூலைப்போல் விளக்கு வரிசை மாத்திரம் தெரிந்தது.

உதயத்தைக் காண விழைவோர் நள்ளிரவு கடந்ததும் ஏறத் தொடங்குவர். மலையின் உயரம் 2,243 மீற்றர். அடிவாரத்திலிருந்து ஏறவேண்டிய படிகள் 5,000க்கு மேற்பட்டவை. தூரத்தில் நூலாகத் தெரிந்த ஒளி, அருகிற் சென்றதும் நம்மைச் சூழ்ந்துகொள்கிறது. மூடுபனி இறங்கும்போது ஒவ்வொரு விளக்கும் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் கட்டிக்கொள்கிறது. வெள்ளுடை தரித்த சிங்கள யாத்திரிகர், குழந்தையைத் தோளிற் சுமந்த தோட்டத் தொழிலாளி, கோலூன்றி நடக்கும் மூதாட்டி எனப் பலரும் அவ்வட்டத்துள் ஒருகணம் தோன்றி, அடுத்த கணம் பனியில் மறைகின்றனர். நாமும் பிறர் கண்ணுக்கு அவ்வாறே தோன்றி மறைந்திருப்போம்.

இத்தகைய அனுபவத்தையே மேனாட்டுக் கலைஞர் இன்று பெருமுயற்சியோடு ஆக்குகின்றனர். பார்ப்பதற்கென ஒரு பொருளைச் செய்யாது, புகுந்து நடப்பதற்கென ஓர் ஒளிவெளியையே அமைப்பது அவர்தம் கலை. 1951இல் இத்தாலியின் மிலான் நகரக் கண்காட்சியில் லூசியோ ஃபொன்டானா என்னும் கலைஞர், மாடிப்படிகளுக்கு மேலே நியோன் குழாயை வளைத்து வளைத்துச் சுழிக்கோலமாகத் தொங்கவிட்டார். படியேறியோர் அவ்வொளியின் கீழ் நடந்து சென்றனர். நியோன் வாயுவை 1898இல் லண்டனிற் கண்டறிந்தவர் ராம்சே, ட்ராவெர்ஸ் என்னும் இருவர். அதனை விளக்காக்கி 1910இற் பாரிஸ் நகரிற் காட்டியவர் ஜோர்ஜ் குளோட். கண்ணாடிக் குழாயுள் மிகக் குறைந்த அமுக்கத்தில் அடைத்த வாயுவினூடே உயர்ந்த மின்னழுத்தத்தைச் செலுத்தினால், அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிரியும். வாயு மின்னைக் கடத்தும். பிளாஸ்மா எனப்படும் அந்நிலையில் நியோன் செவ்வொளி வீசும். நம் வீட்டுக் குழல்விளக்கும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஒளியைக் கலையாக்கும் வித்தை நம் நாட்டுக்குப் புதியதன்று. வெசாக் தோரணங்களைக் காணாதார் யார்? புத்த சாதகக் கதை ஓவியங்களைச் சுற்றிப் பல்லாயிரம் வண்ணக் குமிழ்கள் ஓடியோடி எரியும். செப்புத் தகடு பதித்த உருளையொன்று சுழன்று, முறைமுறையாய் அவற்றை ஏற்றி அணைக்கும்படி அமைப்பது பழைய தொழில்நுட்பம். ஆயினும் தோரணத்தை நாம் எதிரே நின்று பார்க்கிறோம். இம்மலையிலோ ஒளிக்குள்ளேயே நடக்கிறோம். இதனை ஆக்கிய கலைஞன் என எவரையும் சுட்ட இயலாது. இருளும் பனியும் நடப்போரின் மூச்சுமே இதனை நிறைவாக்குகின்றன.

ஒளிக்கு வேண்டிய மின்சாரத்தின் கதையும் இம்மலைகளுடையதே. இங்குள்ள ஆறுகளின் வீழ்ச்சியைக்கொண்டு மின்சாரம் ஆக்கலாமென 1918இலேயே ஆராய்ச்சிக் கட்டுரை வாசித்தவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. அக்கனவு நனவாகி, லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இத்தோட்டங்களின் தமிழ் மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. அவர்தம் குடியிருப்புகளுக்கருகே பாய்ந்த நீர் கொழும்பு மாளிகைகளில் ஒளியாயிற்று.

பாதிவழியில் ஒரு தேநீர்க் கடையில் இளைப்பாறினோம். கடைக்காரர் முதியவர், தோட்டத்திற் பிறந்து வளர்ந்தவர்.

"இந்த விளக்குகளைச் சிறுவயது முதலே பார்த்திருப்பீர்களே, பெரியவரே?" என்று வினவினோம்.

"ஆமாங்க ஐயா. நாங்க புள்ளைங்களா இருக்கையில லயத்துல குப்பி விளக்குத்தான். மலைக்கு மட்டும் கரண்டு எரியும். ராத்திரி வாசல்ல குந்திக்கிட்டு அதையே பார்த்துக்கிட்டு இருப்போம். இதெல்லாம் சாமிக்குத்தான், நமக்கில்லேன்னு எங்கம்மா சொல்லும்."

அவர் குறைகூறும் குரலிற் பேசவில்லை; தேநீரை ஆற்றியபடியே சொன்னார். எமக்குத்தான் மறுமொழி வரவில்லை. இன்று பல லயன்களில் மின்விளக்கு எரிகின்றது. எனினும் ஒளியின் பிறப்பிடத்தில் வாழ்ந்தோர் அதனைத் தொலைவிலிருந்து நோக்கியே ஒரு தலைமுறை கழித்தனர் என்பது மறக்கத்தக்கதன்று.

உச்சியை அடைந்தபோது கீழ்வானம் வெளுத்தது. கதிரவனும் ஒரு பிளாஸ்மாக் கோளமே என்பது விஞ்ஞானம். அது மேலெழுந்ததும் மேற்கே பனிப்படலத்தின்மீது மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாய் நீண்டு விழுந்தது. மணியோசையும் 'சாது, சாது' என்னும் முழக்கமும் 'அரோகரா'வும் கலந்தொலித்தன. இரவெல்லாம் வழிகாட்டிய விளக்குகள் பகலொளியில் மங்கின. கீழே, சரிவுகளிடையே, லயன் கூரைகளினின்று அடுப்புப் புகை எழுந்தது. கொழுந்துக் கூடைகளுடன் பெண்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தனர். சிவனொளிபாதம் செல்லும் அன்பர்கள் உச்சியில் நின்று உதயத்தை நோக்கிய பின்னர், அத்திசையையும் ஒருமுறை நோக்குவார்களாக.