ஜேடர்பாளையத்து வெல்லம்

நாமக்கல் சீமையின் வெயிலைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை மாதத்தில் நாமக்கல்லில் பஸ் ஏறி, பரமத்தி, கபிலர்மலை வழியாக மேற்கே புறப்பட்டால், வழியெல்லாம் காய்ந்த மேட்டுக்காடுகளும் பனைமரங்களும்தான் கண்ணில் படும். ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை சுடும். "ஏன்தான் புறப்பட்டோமோ!" என்று நீங்கள் அலுத்துக் கொள்ளும் சமயத்தில், திரை விலகினாற் போல் காட்சி மாறிவிடும். எங்கே பார்த்தாலும் கரும்பு, வாழை, தென்னை, வெற்றிலைக் கொடிக்கால்! ஜேடர்பாளையம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த மாயத்தைச் செய்வது வானமல்ல, காவேரி. தென்மேற்குப் பருவக் காற்று கொண்டுவரும் மழையில் பெரும் பங்கை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே இறக்கி வைத்துக் கொள்கிறது. இங்கே பெய்கிற மழையை மட்டும் நம்பி, பத்துப் பன்னிரண்டு மாதம் நிற்க வேண்டிய கரும்பை வளர்க்க முடியாது. ஆனால் குடகு மலையில் ஆனி, ஆடியில் கொட்டுகிற மழை ஆறாக ஓடி வந்து, 1934-ல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையில் தங்கி, பிறகு பவானி, ஈரோடு தாண்டி இந்த ஊருக்கு வந்து சேர்கிறது. எங்கோ பெய்த மழையில் இங்கே பயிர் விளைகிறது. மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் இங்கே கரும்போடு முகங்களும் வாடும்.

ஆறு பக்கத்தில் ஓடினால் மட்டும் போதுமா? வயலுக்கு ஏறி வர வேண்டுமே! அதற்காகத்தான் இங்கே காவேரியின் குறுக்கே ஒரு படுகை அணை இருக்கிறது. அங்கிருந்து பிரியும் ராஜ வாய்க்கால் பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கத்து வயல்களுக்கு உயிர் கொடுக்கிறது. இந்த வாய்க்காலை வெட்டிய புண்ணியவான் என்று, இந்தப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கரை ஜனங்கள் கொண்டாடுகிறார்கள். அரசாங்கமும் அவருக்கு இங்கே சிலை வைத்திருக்கிறது.

அணையை ஒட்டி அண்ணா பூங்கா இருக்கிறது. விடுமுறை நாளில் குழந்தை குட்டிகளோடு வருகிறவர்கள் ஏராளம். ஆற்று மீனைச் சுடச்சுட வறுத்துக் கொடுக்கும் கடைகளுக்கு நல்ல பெயர். மீன் சாப்பிடாதவர்கள் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்துக் கொள்ளலாம். குழந்தைகளை மட்டும் ஆழத்துப் பக்கம் விட்டுவிடாதீர்கள்.

ஜேடர் என்றால் கன்னடத்தில் நெசவாளர். ஆனால் இன்று இந்த வட்டாரத்தின் பெயரை வெளியூர்களுக்கு எடுத்துச் செல்வது தறியல்ல, வெல்லம் காய்ச்சும் கொப்பரை. ஆலைக் கொட்டகை எங்கே என்று யாரையும் விசாரிக்க வேண்டாம். மூக்கே வழி காட்டும்.

உள்ளே போய்ப் பாருங்கள். மோட்டாரில் சுழலும் ஆலையில் கரும்பு நசுங்கிச் சாறு இறங்குகிறது. பிழிந்த சக்கையைக் காய வைத்து, அதையே அடுப்புக்கு எரிக்கிறார்கள். வெளியே சித்திரை வெயில், உள்ளே ஆளை வாட்டும் நெருப்பு. நடுவில் நின்று வேலை செய்கிறவர்களைப் பார்த்தால், நம் சமையலறைப் புழுக்கத்தைப் பற்றி முணுமுணுக்கத் தோன்றாது. சாற்றில் சிறிது சுண்ணாம்பு சேர்த்து, பொங்கி வரும் அழுக்கை வழித்தெடுத்து, விடாமல் காய்ச்சுகிறார்கள். பாகு பதம் வந்ததும் இறக்கி, கிளறி ஆற வைத்து, சூடு இருக்கும்போதே உருண்டை பிடிக்கிறார்கள். நூறு கிலோ கரும்புக்குக் கிடைப்பது சுமார் பத்துக் கிலோ வெல்லம்தான்! அது சிப்பங்களாகி, பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குப் போய், அங்கிருந்து கேரளம் முதலிய பல இடங்களுக்குப் பிரயாணமாகிறது.

சகோதரிகளே, நமக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் இனிமேல்தான் வருகிறது. சாற்றை ஒழுங்காகக் காய்ச்சினால் கிடைக்கிற வெல்லம் பெரும்பாலும் பழுப்பாகத்தான் இருக்கும். கரும்பின் ஜாதிக்கும் மண்ணுக்கும் தக்கபடி நிறம் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் கடையில் நாம் தேடுவது தங்க நிறம். நாம் தேடுவதைக் கடைக்காரர் கேட்கிறார். அவர் கேட்பதற்குத்தான் சந்தையில் விலை ஏறுகிறது. கறுத்த வெல்லம் கொண்டு வந்தவர் மலிவாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். அடுத்த தடவை, நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற கந்தக உப்பைச் சேர்க்கும் ஆசை சிலருக்கு வருகிறது. மலிவாகச் சீனி கிடைத்தால் அதையும் கலக்கிறவர்கள் உண்டு. வெல்லத்தில் கந்தக டை ஆக்ஸைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதிகாரிகள் சோதனையும் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு கொப்பரைக்கும் ஓர் அதிகாரியைக் காவல் வைக்க முடியுமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், ஹைட்ரோஸ் கொடுத்த பளபளப்பு நிலைப்பதில்லை. நாளாக ஆக மங்கிவிடுகிறது. நிறம் போய்விடும், கந்தகம் மட்டும் நமக்கு மிச்சம்!

ஜப்பானைச் சேர்ந்த ஓகினாவாவில் நம் வெல்லத்தைப் போலவே கருப்பஞ்சாற்றைக் காய்ச்சி ஒரு சர்க்கரை செய்கிறார்கள். அதன் பெயரே 'கறுப்புச் சர்க்கரை'. அந்தக் கறுப்பையே பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள், விருந்தினருக்கும் கொடுக்கிறார்கள். நாம் மட்டும் கறுப்பென்றால் ஏன் முகத்தைச் சுளிக்க வேண்டும்?

அடுத்த முறை வெல்லம் வாங்கும்போது, "மருந்து போடாத பழுப்பு வெல்லம் இருக்கிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் தருவிப்பார். நாற்பது பேர் கேட்டால் சந்தையில் விலை மாறும். நெருப்பின் முன் நின்று ஒழுங்காகக் காய்ச்சியவருக்கு அன்றைக்கு நியாயமான கூலி கிடைக்கும். சர்க்கரைப் பொங்கல் ஒரு சாயல் கறுத்திருந்தால் என்ன? தித்திப்பில் குறைவிராது.